கணக்கு ஒன்று, கைகள் பல

கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை விழுந்ததும் அந்த வெடிப்புகள் தாமாகவே மூடிக்கொள்ளும். கணக்குத் தகராறினால் உடன்பிறந்தோர் நடுவே விழும் வெடிப்பு அப்படிப்பட்டதன்று. அது எத்தனை மழைக்கும் மூடுவதில்லை. கூட்டாக வியாபாரம் செய்யும் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"பணம் கொடுத்துவிட்டேன்" என்பார் ஒருவர். "கணக்கில் இல்லையே" என்பார் மற்றவர். யார் பொய் சொல்கிறார் என்ற கேள்வி அந்த இடத்திலேயே முளைத்துவிடுகிறது. ஆனால் வாசகர்களே, யாருமே பொய் சொல்லாதிருந்தும், யாருமே பணத்தைத் தொடாதிருந்தும் ஒரு வரவு கணக்கிலிருந்து மறைந்துபோகக் கூடும் என்பதை நீங்கள் அறிவீர்களா? ஏடும் பேனாவும் இருந்த இடத்தில் கணிப்பொறி வந்து அமர்ந்த பின்னர், இத்தகைய மறைவு எந்தக் கடையிலும் எந்த வீட்டிலும் நிகழக் கூடியதாகிவிட்டது. அது எவ்வாறு நிகழ்கிறது, அதனை எவ்வாறு தடுப்பது என்பதைக் குடும்பத்தார் அனைவரும் தெரிந்து வைத்திருப்பது நலம்.

நாற்பதாயிரம் எங்கே போயிற்று?

கோவில்பட்டியில் ஒரு நவதானிய மொத்தக் கடையை எண்ணிப் பாருங்கள். நாம் விளக்கத்துக்காக அமைத்துக்கொள்ளும் கடைதான். ஆயினும் இதைப் போன்ற கடைகளை நீங்கள் எத்தனையோ கண்டிருப்பீர்கள். தந்தையார் தொடங்கிய கடை. அவருக்குப் பின் மக்கள் இருவர் சேர்ந்து நடத்துகின்றனர். மூத்தவர் கடைத்தெருவில் அமர்ந்து வியாபாரம் பார்க்கிறார். இளையவர் ஊருக்கு வெளியே உள்ள கிடங்கில் மூட்டைகளை எடை போட்டு அனுப்புகிறார். விளாத்திகுளத்து மிளகாய், எட்டயபுரத்து உளுந்து, கயத்தாற்றுப் பாசிப்பயறு, கடலைமிட்டாய் செய்வோருக்கு நிலக்கடலை என்று சரக்கு வருவதும் போவதுமாக இருக்கிறது. கடையில் ஒரு கணிப்பொறி. கிடங்கில் ஒரு கணிப்பொறி. இரண்டையும் வலைப்பின்னல் இணைக்கிறது. 'பற்று வரவு' என்ற பெயருடைய ஒரு கோப்பு கடைக் கணிப்பொறியில் இருக்கிறது. இருவரும் அதனைத் திறக்கலாம், எழுதலாம், சேமிக்கலாம்.

ஒரு நாள் காலை 10 மணிக்கு மூத்தவர் அக்கோப்பைத் திறக்கிறார். 10.15-க்கு இளையவரும் திறக்க முயல்கிறார். "இக்கோப்பை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், நீங்கள் படிக்க மட்டுமே இயலும்" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. லாரி வாசலில் நிற்கிறது; காத்திருக்க நேரமில்லை. அவர் கோப்பை அப்படியே தம் கணிப்பொறிக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் பகல் முழுவதும் ஆறு வரவு செலவுகளைப் பதிகிறார். இதற்கிடையே நண்பகலில் உளுந்து வியாபாரி ஒருவர் கடைக்கு வந்து, பழைய பாக்கி ரூ. 40,000-ஐ மூத்தவரிடம் கொடுக்கிறார். மூத்தவர் அதனைக் கடைக் கோப்பில் பதிந்து, சேமித்து, மூடுகிறார்.

இரவு 8 மணி. இளையவர் தம் பிரதியைக் கடைக் கணிப்பொறியில் கொண்டுபோய் வைக்கிறார். "இதே பெயரில் ஒரு கோப்பு உள்ளது. அதற்குப் பதிலாக இதனை வைக்கலாமா?" என்று இயந்திரம் கேட்கிறது. அவர் "ஆம்" என்கிறார். அந்தக் கணமே நாற்பதாயிரம் ரூபாயின் வரி இல்லாமற் போய்விட்டது!

இரண்டு மாதம் கழித்துத் தை அறுவடைக் கணக்கைத் தீர்க்கும்போது உளுந்து வியாபாரி, "நான் கடையில் கொடுத்தேனே" என்கிறார். கணக்கில் இல்லை. மூத்தவருக்கு வாங்கிய நினைவு இருக்கிறது. எழுதிய நினைவும் இருக்கிறது. இளையவருக்கோ அந்தப் பணம் வந்ததே தெரியாது. அண்ணன் வாங்கி மறைத்தாரா, தம்பி கணக்கை அழித்தாரா என்று வீட்டுப் பெண்கள் வரை பேச்சுப் போய்விடுகிறது. உண்மையில் பணம் பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. எழுத்து மட்டுமே மறைந்திருக்கிறது.

திறப்பதும் சேமிப்பதும்

பழைய பேரேட்டில் இத்தகைய விபத்து நேர்வதில்லை. ஏன்? பேரேடு ஒன்றே ஒன்று. அண்ணன் எழுதிக்கொண்டிருந்தால் தம்பி கண்ணால் பார்ப்பார். அவர் முடிக்கும் வரை காத்திருப்பார். ஒருவர் எழுதிய வரிக்குக் கீழேதான் மற்றவர் எழுதுவார். முன்னர் எழுதியதை அழித்தால் அழித்த அடையாளம் தாளில் தெரியும்.

கணிப்பொறிக் கோப்பின் இயல்பு வேறு. நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அது தான் இருந்த இடத்திலிருந்து எழுந்து நம்மிடம் வருவதில்லை. அதிலுள்ள எழுத்துகளின் படி ஒன்று கம்பி வழியாக நம் கணிப்பொறியின் நினைவகத்துக்கு வருகிறது. நாம் திரையில் காண்பதும் திருத்துவதும் அந்தப் படியைத்தான். மூலம் அசையாமல் அதே இடத்தில் இருக்கிறது. நாம் "சேமி" என்று கட்டளையிடும்போது, நம்மிடமுள்ள படி திரும்பிச் சென்று மூலத்தின் இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

பொதுவாகக் கடிதமும் பட்டியலும் எழுதும் மென்பொருள்கள் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, எது புதியது, எது பழையது என்று சேர்த்துத் தருவதில்லை. முழுக் கோப்பையும் எடுத்துவிட்டு முழுக் கோப்பையும் வைக்கின்றன. ஆகவே இருவர் தனித்தனிப் படிகளில் எழுதினால், கடைசியாகச் சேமித்தவரின் படி மட்டுமே எஞ்சும். முந்தையவரின் உழைப்பு சத்தமில்லாமல் மறையும். கணிப்பொறி அறிஞர்கள் இதனைத் 'தொலைந்த திருத்தம்' என்ற பொருளுடைய பெயரால் வழங்குகின்றனர். இது பழுதுமன்று, திருட்டுமன்று. இயந்திரம் தனக்கு இட்ட கட்டளையை அப்படியே நிறைவேற்றியதன் விளைவு.

பூட்டு வந்த கதை

பலர் ஒரே கோப்பைப் பயன்படுத்தும் வசதி எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஜெராக்ஸ் நிறுவன ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய பாப் மெட்கால்ஃப் என்பவர், ஒரே கட்டடத்திலுள்ள கணிப்பொறிகளைக் கம்பியால் இணைக்கும் முறையை ஒரு குறிப்பாக எழுதினார். 'ஈதர்நெட்' என்று பெயர்பெற்ற அம்முறையின் வழித்தோன்றலே இன்று நம் அலுவலகங்களில் ஓடும் நீலநிறக் கம்பி.

கம்பி வந்துவிட்டது, அதன் வழியே கோப்பைக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஒரு பொதுமொழி வேண்டுமல்லவா? 1983-ஆம் ஆண்டில் நோவெல் நிறுவனம் 'நெட்வேர்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பாரி ஃபைகன்பாம் என்ற பொறியாளர் 'எஸ்.எம்.பி.' என்னும் முறைக்கு அடித்தளமிட்டார். அடுத்த ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 'என்.எஃப்.எஸ்.' என்ற முறையை உருவாக்கியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எஸ்.எம்.பி. முறையைத் தன் விண்டோஸ் மென்பொருளில் ஏற்றுக்கொண்டதால், நம் ஊர்க் கடைகளிலும் பள்ளிகளிலும் வழங்குவது பெரும்பாலும் அதுவே.

இதில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், அம்முறையைப் பிறவகைக் கணிப்பொறிகளும் பேசும்படி ஒரு மென்பொருளை எழுதி, 1992-இல் எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு வெளியிட்டார். அதற்கு முதலில் இட்ட பெயரை வேறொரு நிறுவனம் ஆட்சேபித்தது. எனவே எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் அமைந்த சொல்லை ஒரு சொற்பட்டியலில் தேடினார். 'சாம்பா' என்ற நடனத்தின் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கோப்புகளைப் பொதுவில் வைக்கும் பற்பல சிறு கருவிகளுக்குள் இன்றும் சாம்பா ஓடிக்கொண்டிருக்கிறது.

எஸ்.எம்.பி. முறையில் ஒரு கோப்பைத் திறக்கக் கேட்கும்போதே இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். ஒன்று, நீ படிக்க மட்டும் வந்தாயா, எழுதவும் வந்தாயா? மற்றொன்று, நீ வைத்திருக்கும் நேரத்தில் பிறர் இதனைப் படிக்கலாமா, எழுதலாமா? "நான் எழுதுகிறேன், நான் முடிக்கும் வரை பிறர் எழுதக் கூடாது" என்று முதலில் வந்த மென்பொருள் கூறிவிட்டால், அடுத்து வருபவருக்குப் 'படிக்க மட்டும்' என்ற அறிவிப்பு கிடைக்கிறது. இதுதான் பூட்டு.

ஆகவே அந்த அறிவிப்பு நமக்கு இடையூறு செய்ய வந்ததன்று. "உன் சகோதரர் எழுதிக்கொண்டிருக்கிறார், சற்றுப் பொறு" என்று மரியாதையாகச் சொல்லும் வாயிற்காவலன் அது. நம் கற்பனைக் கடையில் நாற்பதாயிரத்தைக் காக்க அந்தக் காவலன் தன் கடமையைச் செய்தான். பிரதி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்ததால்தான் இழப்பு நேர்ந்தது.

பூட்டைப் பற்றி மேலும் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். வேர்டு, எக்செல் போன்ற மென்பொருள்கள் ஒரு கோப்பைத் திறந்ததும் அதன் அருகிலேயே ஒரு சிறு மறைகோப்பை உண்டாக்கி, திறந்தவரின் பெயரை அதில் குறித்து வைக்கின்றன. யார் வைத்திருக்கிறார் என்று அடுத்தவருக்குத் தெரிவது இதனால்தான். திடீரென்று மின்சாரம் நின்றுபோனால் அந்த மறைகோப்பு அழியாமல் தங்கிவிடுவதுண்டு. அப்போது யாருமே திறக்காத கோப்பையும் யாரோ வைத்திருப்பதாக இயந்திரம் கூறும். எல்லோரையும் விசாரித்து, எவரும் திறந்திருக்கவில்லை என்று உறுதியான பின்னரே அந்தச் சிறு கோப்பை நீக்க வேண்டும். நோட்பேட் போன்ற எளிய மென்பொருள்களோ கோப்பைப் படித்ததும் பிடியை விட்டுவிடுகின்றன. அங்கே பூட்டே இல்லை. ஆகவே இருவர் எழுதும் கணக்கை அவற்றில் வைப்பது தகாது.

இன்னொன்று: கோப்பைத் திறந்து வைத்துவிட்டு லுஹர் தொழுகைக்கோ பகலுணவுக்கோ சென்றுவிடுகிறவர், பேரேட்டைத் தம் மடியில் கட்டிக்கொண்டு போனவருக்கு ஒப்பாவார். அவர் திரும்பும் வரை பிறர் எழுத இயலாது. அந்த அவசரத்தில்தான் பிரதிகள் பிறக்கின்றன. எழுந்திருக்கும்போது சேமித்து மூடிவிட்டு எழுவது ஒரு சிறு பழக்கம். அதன் பயன் பெரிது.

ரயிலும் நிலமும் கற்றுத்தரும் பாடம்

ஆயிரக்கணக்கானோர் ஒரே கணக்கில் எழுதும் இடங்கள் இருக்கின்றனவே, அங்கே இந்தக் குழப்பம் ஏன் நேர்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கோவில்பட்டி ரயில் நிலையத்தில் ஒருவர் சென்னைக்குப் படுக்கை கேட்கிறார். அதே நொடியில் மதுரையில் ஒருவரும் துபாயிலிருந்து விடுமுறைக்கு வரவிருக்கும் ஒருவரும் அதே வண்டியில் கேட்கின்றனர். முன்னாட்களில் ஒவ்வொரு வண்டிக்கும் தடித்த பேரேடு இருந்தது. அதனை வைத்திருக்கும் எழுத்தர் மட்டுமே இடம் ஒதுக்க முடிந்தது. 1985-இல் டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன் பின்னர் எந்த ஊரிலிருந்தும் எந்த வண்டிக்கும் இடம் பெற முடிந்தது. அங்கே எழுத்தர் எவரும் முழுப் பேரேட்டையும் தம் கணிப்பொறிக்கு எடுத்துச் செல்வதில்லை. பேரேடு மையத்திலேயே இருக்கிறது. ஒருவருக்கு இடம் ஒதுக்கும் அந்தச் சிறு கணத்துக்கு, அந்த ஒரு வரி மட்டும் பூட்டப்படுகிறது, உடனே திறக்கப்படுகிறது. முழு ஏட்டையும் பூட்டாமல் ஒரு வரியைப் பூட்டும் இந்த முறையால், பலரும் ஒரே நேரத்தில் எழுத முடிகிறது.

டாலி போன்ற கணக்கு மென்பொருள்களும் ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றுகின்றன. பெங்களூரில் 1986-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் மென்பொருளை அறியாத வியாபாரி குறைவு. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பின்னர் சிறு கடைகள் பலவும் கணிப்பொறிக் கணக்கின்பால் திரும்பின. பலர் பயன்படுத்துவதற்குரிய உரிமத்தைப் பெற்று, ஒரே இடத்திலுள்ள கணக்கை இருவரும் திறந்தால், ஒவ்வொருவரின் பதிவும் தனித்தனியே சேரும். ஆனால் கணக்கு இருக்கும் உறையைப் பென்டிரைவில் எடுத்துச்சென்று, வீட்டில் பதிந்து, மறுநாள் திரும்ப ஒட்டினால், அங்கும் பழைய விபத்தே நேரும். நல்ல மென்பொருளை வாங்கிவிட்டோம் என்பதற்காகத் தவறான பழக்கம் நன்மையாகிவிடாது.

நிலக் கணக்கு இன்னொரு பாடத்தைத் தருகிறது. கரிசல் காட்டில் நிலமே சொத்து. முன்னர் கிராமக் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. 1980-இல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பின்னர் கணக்குகள் கணிப்பொறியில் ஏறின. இன்று 'தமிழ் நிலம்' என்ற மென்பொருளில் உள்ள பட்டா, சிட்டா விவரங்களை வீட்டிலிருந்தபடியே எவரும் பார்க்கலாம். ஆனால் எவரும் மாற்றிவிட முடியாது. பெயர் மாற்றமோ உட்பிரிவோ பத்திரப் பதிவு, வட்டாட்சியர் அலுவலகம் ஆகியவற்றின் முறையான நடைமுறை வழியாகவே நடைபெறும். திறந்து பார்க்கும் உரிமை பலருக்கு; எழுதிச் சேமிக்கும் உரிமை சிலருக்கு.

இதே ஏற்பாட்டை நம் வீட்டுக் கணக்கிலும் செய்துகொள்ளலாம். கணிப்பொறியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்து, யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று வகுக்கலாம். கூட்டுச் சொத்தில் பங்குள்ள சகோதரிகளுக்குப் பார்க்கும் உரிமையையேனும் வழங்குவது மிகப் பொருத்தமானது. வாடகை எவ்வளவு வந்தது, தம் பங்கு எவ்வளவு என்பதை அவர்கள் கேட்டுப் பெற வேண்டிய நிலை மாறும். கேட்கத் தயங்கி மனத்துக்குள் வைத்துப் புழுங்குவதும் நிற்கும். கணக்கு என்பது பங்காளிகள் அனைவரின் அமானிதம் அல்லவா?

மூலம் ஒன்றாக இருக்கட்டும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். சீறாப்புராணம் பாடிய அந்தப் பெருமகனார் காலத்தில் நூல்கள் ஓலையில் இருந்தன. ஒருவர் வைத்திருக்கும் ஏட்டைப் பார்த்து மற்றொருவர் எழுதுவார்; அதனைப் பார்த்து இன்னொருவர். ஒவ்வொரு கையிலும் ஓர் எழுத்து மாறும், ஒரு சொல் விடுபடும். தமிழ் நூல்களைப் பிற்காலத்தில் அச்சிட முனைந்தோர், ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டி, எது மூலத்துக்கு நெருங்கியது என்று ஒப்பிட்டு அலுத்தனர். பாடபேதம் என்பது அப்படிப் பிறந்ததுதான்.

நம் கணக்குக்கும் பாடபேதம் உண்டு. 'பற்று வரவு', 'பற்று வரவு புதியது', 'பற்று வரவு இறுதி', 'பற்று வரவு இறுதி இரண்டு' என்று நான்கு கோப்புகள் ஒரே உறையில் கிடப்பதை நீங்கள் கண்டதில்லையா? வாட்ஸ்அப்பில் சவூதிக்கு ஒன்று, பென்டிரைவில் ஒன்று, தணிக்கையாளரிடம் ஒன்று. ஏடு தேடியவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆண்டுகள் கிடைத்தன. வரி கட்ட வேண்டிய வியாபாரிக்கு ஒரு வாரங்கூடக் கிடைப்பதில்லை.

வெளிநாட்டில் உழைக்கும் சகோதரரும் கணக்கைப் பார்க்க வேண்டுமானால், பிரதியை அனுப்புவதைக் காட்டிலும் மூலத்துக்கு வழி விடுவதே நன்று. 2006-ஆம் ஆண்டு முதல் கூகுள் நிறுவனம் இணையத்தின் வழியே பலர் ஒரே நேரத்தில் எழுதும் ஏடுகளை வழங்கி வருகிறது. இன்று பிற நிறுவனங்களும் அவ்வாறே வழங்குகின்றன. அங்கே ஒவ்வொருவரின் எழுத்தும் எழுதிய மாத்திரத்தில் மையத்துக்குச் சென்று மற்றவர் எழுத்தோடு சேர்கிறது. எவர் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் அதிலேயே இருக்கிறது. முந்தைய நிலையைத் திரும்பப் பெறவும் இயலும். எனினும் அதிலிருந்து ஒரு பிரதியைக் கைப்பேசியில் இறக்கி, அதில் எழுதத் தொடங்கினால், நாம் மீண்டும் ஓலைச்சுவடிக் காலத்துக்கே திரும்பிவிடுகிறோம்.

காத்திருக்கும் அபாயங்கள்

நம் கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்தால் அது 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக்கூடைக்குச் சென்று தங்கும். வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். ஆனால் வலைப்பின்னல் வழியாக வேறொரு கணிப்பொறியிலுள்ள கோப்பை அழித்தால், விண்டோஸில் அது பொதுவாகக் குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை, நேரே மறைந்துவிடும். கிடங்கிலிருந்து கடைக் கோப்பை அழிப்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. விளையாட்டாகக் கணிப்பொறியில் அமரும் பிள்ளைகளுக்கு எழுதும் உரிமை தரக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது மின்சாரம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு மழை இறங்கும்போது, கோப்பைச் சேமிக்கும் அந்த நொடியில் மின்சாரம் நின்றால், பாதி எழுதிய கோப்பு திறக்க முடியாததாகிவிடக் கூடும். கணிப்பொறிக்கு மட்டுமின்றி, வலைப்பின்னல் பெட்டிக்கும் யு.பி.எஸ். இணைப்பு வேண்டும். பெட்டி அணைந்துவிட்டால், கணிப்பொறி எரிந்துகொண்டிருந்தும் கோப்புக்குப் போகும் வழி அறுந்துவிடுகிறது.

மூன்றாவது, பொது வழியிலேயே வரும் நச்சு. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற நச்சு மென்பொருள் உலகைத் தாக்கியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தடைப்பட்டன. அது பரவிய வழி, நாம் மேலே கண்ட எஸ்.எம்.பி. முறையின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை. அதனை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. ஏற்றுக்கொள்ளாமல் விட்ட கணிப்பொறிகளே பெரிதும் அடிபட்டன. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் தள்ளிவைக்கும் புதுப்பித்தல் அறிவிப்புகளின் மதிப்பு இதனால் விளங்குகிறதல்லவா?

வீட்டிலும் கடையிலும் கைக்கொள்ள வேண்டியவை

1. பொதுக் கணக்கின் மூலம் ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும். அந்த இடம் எது என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்கட்டும்.

2. 'படிக்க மட்டும்' என்ற அறிவிப்பு வந்தால் பிரதி எடுக்காதீர்கள். கைப்பேசியை எடுத்து, "திறந்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவசரமாயின் ஒரு தாளில் எழுதி வைத்து, பின்னர் மூலத்தில் பதியுங்கள்.

3. வேலை முடிந்ததும் சேமித்து மூடுங்கள். திறந்து வைத்துவிட்டு எழாதீர்கள்.

4. "பதிலாக வைக்கலாமா?" என்று இயந்திரம் கேட்டால் உடனே "ஆம்" என்று சொல்லாதீர்கள். இரண்டு கோப்புகளின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

5. ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் நுழையுங்கள். ஒரே கடவுச்சொல்லை அனைவரும் வைத்திருந்தால், யார் எதைச் செய்தார் என்று இயந்திரத்தாலும் சொல்ல முடியாது.

6. நாள்தோறும் நண்பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று தேதியிட்டுக் காப்புப் பிரதி எடுங்கள். அதில் எழுதாதீர்கள், அது பாதுகாப்புக்கு மட்டுமே. வாரம் ஒரு பிரதியை வலைப்பின்னலோடு இணையாத ஒரு தட்டில் எடுத்து வீட்டில் வையுங்கள்.

7. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தைக் கைவிடாதீர்கள். கார்பன் பிரதி எந்த வலைப்பின்னலாலும் அழியாத சாட்சி.

இந்த ஏழையும் கவனித்துப் பார்க்க ஒரு பொறுப்பாளர் வேண்டும். பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகளோ மருமகளோ அப்பொறுப்புக்கு மிகவும் ஏற்றவர். கடைக்குச் சென்று அமர வேண்டியதில்லை. கோப்பு வீட்டிலும் திறக்கும். ரசீது எண்களையும் கணக்கு வரிகளையும் இரவில் ஒருமுறை ஒப்பிட்டால், விடுபட்ட வரி அன்றைக்கே தெரிந்துவிடும். நம் கற்பனைக் கடையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், உளுந்து வியாபாரியின் ரசீது கையில் இருக்க, கணக்கில் வரி இல்லாததை அன்றிரவே கண்டு, நண்பகல் காப்புப் பிரதியிலிருந்து எடுத்து எழுதியிருப்பார். தை மாதத்துத் தகராறுக்கு இடமே இருந்திராது.

ஆகவே அன்பர்களே, உங்கள் பொதுக் கணக்கில் ஒரு வரவு காணாமற்போனால், உடன்பிறந்தவர் மீது ஐயம் கொள்வதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது மூலமா, பிரதியா? கடைசியாக எப்போது, யார் பெயரில் சேமிக்கப்பட்டது? அதற்கு முந்தைய காப்புப் பிரதியில் அந்த வரி இருக்கிறதா? இவற்றுக்கு விடை தேடக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடாமல் பேசிவிட்ட ஒரு சொல், பல ஆண்டுகள் ஒரே தட்டில் உண்டவர்களைப் பிரித்துவிடக் கூடும். இன்றிரவே குடும்பத்தாரோடு அமர்ந்து, உங்கள் கணக்கின் மூலம் எங்கே இருக்கிறது, அதில் யார் யார் எழுதுகிறார்கள் என்பதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.